வரிசை மாறிய படங்கள்

கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் றோஸ்மலருக்கு, 2009 ஜூன் மாதம், வெயில் எறிக்கும் பட்டப்பகலில் நடந்த சங்கதி இது. ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

மகள் றொசாந்தி படிக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் 'என் குடும்பம்' என்று ஒரு வீடியோ கேட்டிருந்தார்கள். ஒன்றும் பெரிய வேலையில்லை. இணையத்தில் ஒரு தளம். படங்களை ஏற்றி, இசையைத் தெரிவு செய்து, பொத்தானை அழுத்தினால் அதுவே வீடியோவாக்கித் தந்துவிடும். முதலில் ஒரு மெழுகுதிரிப் படம், அதன்பின் இறந்தவர்கள், கடைசியில் இருப்பவர்கள். றோஸ்மலர் வீட்டு விழா வீடியோ எல்லாவற்றுக்கும் அதுதான் முறை.

மெழுகுதிரிக்கு அடுத்ததாக ஐயாவை வைத்தார். அதற்கடுத்து தம்பி றொஜன். சண்டை நடந்த வன்னியில் அவன் உடலைக் கண்டதாக மார்ச்சில் ஒருவர் போனில் சொல்லியிருந்தார். அம்மா அகதி முகாமுக்கு வந்துவிட்டார் என்று கேள்வி. அவர் படம் கடைசியில். வருகிற ஞாயிறு தம்பிக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கவும் மாதா கோயிலில் சொல்லியாகிவிட்டது. கணவர் அருட்பிரகாசத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"சரியாத் தெரியாமல் பெடியனைச் சாக்காட்டாதையும்."

வீடியோ ஓடியது. மெழுகுதிரி. ஐயா. அடுத்து... அம்மா!

தம்பி கடைசியில், றொசாந்தியின் படத்துக்கு அடுத்ததாகச் சிரித்துக்கொண்டு நின்றான்.

றோஸ்மலருக்குப் பத்திக்கொண்டு வந்தது. திருத்தி வைத்தார். சோற்றை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், மறுபடியும் அதே வரிசை.

"இஞ்சருங்கோ, இதை நீங்கள் தொட்டனீங்களோ?"

"எனக்கு உதைத் திறக்கவே ஏலாது."

றோஸ்மலர் நம்பவில்லை. வேறு யார் செய்வார்கள்? கணவர் ஷிப்டுக்குப் போனதும் பாஸ்வேர்டையே மாற்றினார். ஒருவருக்கும் சொல்லவில்லை. வரிசையைத் திருத்தி, ஓடவிட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது.

சனிக்கிழமை, றோஸ்மலரும் பார்த்திருக்க, வகுப்பில் ஜெயகௌரி ரீச்சர் புரொஜெக்டரைப் போட்டார்.

மெழுகுதிரி.

ஐயா.

அம்மா.

அங்கேயே நின்றுவிட்டது. இசையும் நின்றது. ஸ்பீக்கரில் யாரோ மூச்சு இழுக்கும் சத்தம். ஹ்ஹ்ஸ்... ஹ்ஹ்ஸ்...

ரீச்சர் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

சத்தம் நிற்கவில்லை.

"ரீச்சர்... வரிசை தானாய் மாறுமோ?"

"இல்லை. நாங்கள் வைச்சபடிதான் வரும்."

அன்றே றோஸ்மலர் கோயிலுக்குப் போன் செய்து தம்பிக்கான பூசையை நிறுத்தச் சொன்னார். ஏன் என்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்டில் ஒரு போன்.

"அக்கா... நான் றொஜன்."

றோஸ்மலர் வாய்விட்டு அழுதார். "ராசா... அம்மாவைக் குடு."



"அம்மா சித்திரையிலயே போயிட்டா அக்கா. ஆற்றையோ உடம்பைக் காட்டி நான் எண்டு சொல்லியிருக்கினம். அவ நம்பேல்லையாம். 'என்ர பிள்ளை சாகேல்லை, மலருக்குச் சொல்லுங்கோ'... மூச்சு இழுக்கேக்கையும் அதையேதான் சொன்னவவாம்."

வீடியோ செய்தது ஜூனில்.