கமிட்டி அறையில் டிஜோ சொன்னது

டிஜோவின் இடது கை மோதிர விரலை ஒடித்தவன் முருகதாஸ். 2004 மே மாதம், கருங்கலில் நடந்த கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டம். பெனால்டி அடித்தது குலசேகரத்துக்காரன் முருகதாஸ். தடுக்க நின்றது கடற்கரைக்காரன் டிஜோ. பந்து உள்ளே போகவில்லை. விரல்தான் போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் தோற்றுப்போன முருகதாஸ்தான் அவனை பஸ்ஸில் ஏற்றி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஜெயித்தவர்கள் கோப்பையோடு ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

“வலிக்குதா மக்கா?”

“அடிச்சதும் நீ, கேக்கதும் நீயா?”

முருகதாஸ் சிரித்தான். முன்பற்களில் ஒரு இடைவெளி இருந்தது. நெற்றியில் இட்டிருந்த வெள்ளை நாமம் வியர்வையில் பாதி கரைந்து புருவம் வரைக்கும் வழிந்திருந்தது. அய்யாவழிக் குடும்பம் அவனுடையது. அதிகாலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு, சாயங்காலம் பந்து. வயது இருபத்திரண்டு. டிஜோவுக்கு அதைவிட ஒன்று குறைவு.

அடுத்த வருஷம் டிஜோ அவனைத் தன் ஊர் கிளப்பில் விளையாடக் கூப்பிட்டான். வெளியூர்க்காரன், அதுவும் வேறு சாமி கும்பிடுகிறவன் என்று இரண்டு பேர் முனகினார்கள். செயலாளர் மரியஜான், “பந்துக்கு ஏதுலே சாமி?” என்று அவர்கள் வாயை அடைத்தார். முருகதாஸ் கோலுக்கு முன்னால் தடுப்பாட்டம் ஆட, டிஜோ கோலில் நின்றான். முருகதாஸின் முதுகைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் வரும் என்று டிஜோவுக்குத் தெரிந்துவிடும். இரண்டு வருஷத்தில் அந்த முதுகை அவன் பார்த்த அளவுக்கு வேறு எதையும் பார்த்திருக்கமாட்டான்.

டிஜோவின் அம்மா வியாகுலம்மாள் மீன் விற்கிறவள். புருஷன் கடலோடு போன பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முருகதாஸ் சாப்பிட வந்தால் மீன்தலை அவன் தட்டில்தான் விழும்.

“எனக்கு?” என்பான் டிஜோ.

“நீ கோல் விட்டேல்லா. வாலத் தின்னு” என்பாள்.

2007 ஜனவரியில் இரண்டு பேரையும் மலப்புறத்துக்கு செவன்ஸ் ஆடக் கூப்பிட்டார்கள். மூங்கில் கட்டிய கேலரி நிறைய ஆட்கள், ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். முதல் ஆட்டத்திலேயே டிஜோ கால் இடுக்கு வழியாக ஒரு கோல் விட்டான், அதிலேயே தோற்றார்கள். மறுநாள் காலை, தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பைப்படியில் தன் ஜெர்சியைத் துவைத்துக்கொண்டிருந்தான். முருகதாஸ் வந்து ஜெர்சியின் மறுமுனையைப் பிடித்தான். ஆளுக்கொரு பக்கம் முறுக்கிப் பிழிந்தார்கள். தண்ணீர் சொட்டி நின்ற பிறகும் அவன் விடவில்லை.

“டிஜோ, எனக்கு உன்ன விட்டா வேற ஒருத்தரும் வேண்டாம். இத எப்பிடிச் சொல்லதுன்னு தெரியல்ல.”

வந்தது பயமா சந்தோஷமா என்று டிஜோவுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. “சொல்லியாச்சே” என்றான். நனைந்த ஜெர்சி இருவருக்கும் நடுவில் கிடக்க, அவன்தான் முதலில் எட்டி முருகதாஸின் கையைப் பிடித்தான். பின்னால் பல வருஷம் அவனைத் தின்றது இதுதான். முதலில் கை நீட்டியவன் அவன்.

இரண்டு வருஷம் நன்றாக இருந்தார்கள். மழை பெய்து ரப்பர் வெட்டு நின்றால் முருகதாஸ் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். பேச்சிப்பாறை ரோட்டில் நனைந்துகொண்டே போவார்கள். நாகர்கோவிலில் வீடு எடுப்போம், யார் கேட்டாலும் கூட்டாளிகள் என்று சொல்வோம் என்பான் முருகதாஸ். டிஜோ ஆகட்டும் என்பான். அவனுக்கு எதற்கும் ஆகட்டும் என்று சொல்ல வரும், செய்யத்தான் பயம்.

2009 பிப்ரவரியில் மறுபடியும் மலப்புறம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் பாயில் படுத்துத் தூங்கிப்போனார்கள். முருகதாஸின் நெஞ்சில் டிஜோவின் தலை. டிஜோவின் முடிக்குள் முருகதாஸின் விரல்கள். கூட வந்த ஒருவன் அதைச் செல்போனில் படம் எடுத்தான். இவர்கள் ஊருக்குத் திரும்பும் முன்பே படம் வந்து சேர்ந்திருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கமிட்டி கூடியது. கிளப் அறையில் கோப்பைகள் இருந்த அலமாரிக்குக் கீழே ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முருகதாஸை வெளியே நிறுத்திவிட்டு டிஜோவை மட்டும் கூப்பிட்டார்கள். மரியஜான் போனை மேசைமேல் வைத்தார்.

“இது என்னடே?”

டிஜோ படத்தைப் பார்த்தான். தூக்கத்தில் தன் முகம் அவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அம்மா நாளைக்கு எப்படி மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு இந்தத் தெருவில் நடப்பாள் என்று நினைத்தான். அவளை நினைத்துத்தான் சொன்னேன் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததுண்டு. அது முழு உண்மையில்லை. அவன் தன்னை நினைத்தும்தான் சொன்னான்.

“நான் ஒறங்கிட்டு இருந்தேன் அண்ணே. அவன் செஞ்சது எனக்குத் தெரியாது. அவனுக்கு அப்பிடி ஒரு புத்தி உண்டுன்னும் தெரியாது.”

கதவு சும்மா சாத்தியிருந்தது. முருகதாஸ் எல்லாவற்றையும் கேட்டான். உள்ளே கூப்பிட்டுக் கேட்டபோது டிஜோவின் பக்கம் திரும்பாமல், “அவன் சொன்னது உள்ளதுதான். எல்லாம் நான்தான்” என்றான். பூட்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வாசலில் காத்துக்கொண்டிருந்தவர்கள் அவனைப் படிக்கட்டிலிருந்து தள்ளினார்கள். விழுந்தவனின் வலது முழங்காலில் ஒருவன் மிதித்தான். அலறல் கேட்டது. டிஜோ அறைக்குள் நின்றபடியே நின்றான். ஏழு பேரில் ஒருவர் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவன் வாங்கிக் குடித்தான்.

அடுத்த ஞாயிறு நடந்த ஆட்டத்தில் டிஜோ ஒரு கோல்கூட விடவில்லை. ஊரே அவனைத் தோளில் தூக்கியது. அதற்குப் பிறகு அவன் மைதானத்தில் கால் வைக்கவில்லை. மறுவருஷம் பஹ்ரைனுக்கு மீன்பிடிக்கப் போனான். முருகதாஸின் நம்பருக்கு அடித்தால் மணி போகும், யாரும் எடுக்கமாட்டார்கள். பிறகு மணியும் போகாமல் ஆனது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கல்யாணப் பேச்சு வரும். எல்லா வீட்டுக்கும் வேண்டாம் என்று சொல்லியனுப்பினான்.

2015 இல் வேலையை விட்டு வந்தான். வியாகுலம்மாளுக்கு முட்டுவலி; மீன் விற்கப் போவதில்லை. ஒருநாள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

“அந்தப் பயல ஒருக்காவாவது போய்ப் பாத்தியா?”

“எந்தப் பய?”

“எங்கிட்ட நடிக்காத மக்கா. கமிட்டில நீ என்ன சொன்னேன்னு மரியஜான் அன்னைக்கே எங்கிட்ட சொல்லியாச்சு. அது பொய்யின்னு எனக்குத் தெரியும். நான் பெத்தவளாக்கும்.” கத்தியைக் கீழே வைத்தாள். “நானும் வாயத் தொறக்கல்ல. அது எனக்க பாவம். நீ உனக்க பாவத்தத் தீக்கப் போ.”

ஜூன் மாதம் குலசேகரம் போனான். வெட்டுக்குப் பிந்திய முற்பகல். ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலருக்கு முன்னால் முருகதாஸ் நின்றுகொண்டிருந்தான். காது ஓரம் நரைத்திருந்தது. இரண்டடி எடுத்து வைத்ததில் முழங்கால் மடங்கவில்லை என்பது தெரிந்தது. அவன் அம்மா சொர்ணம்மாள், யாரென்று தெரியாமலே, வந்தவனுக்குப் பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

“காலு எப்பிடி இருக்கு?” என்றான் டிஜோ. கேட்டவுடன் கூசிப்போனான்.

“மழைக்கு வலிக்கும்.”

“முருகா, நான் அன்னைக்கு…”

“மன்னிச்சாச்சு. எப்பவோ மன்னிச்சாச்சு. நீ அதுக்காட்டு வந்தேன்னா, நிம்மதியாட்டு போ.” முருகதாஸ் ஒரு ஷீட்டை எடுத்துக் கயிற்றில் விரித்தான். “ஆனா எனக்கு உன்ன நம்ப முடியல்ல, கேட்டியா? நீ பக்கத்துல இருந்தா நான் கதவையே பாத்துட்டு இருப்பேன். யாராவது தட்டினா நீ என்ன சொல்லுவேன்னு.”

“கமிட்டிக்காரங்ககிட்டப் போய் உள்ளதச் சொல்லட்டா?”

“சொல்லணும்னு தோணினா சொல்லு. எனக்கு வேண்டி சொல்லண்டாம். எனக்கு அது கொண்டு காலு மடங்காது.”

அந்த ஞாயிறு கிளப்பின் ஆண்டுக்கூட்டம். டிஜோ எழுந்து நின்றான். நிறுத்தாமல் முடிவு வரை சொன்னான். “ஆறு வருஷம் முன்ன நான் சொன்னது பொய். அவன் எனக்கு ஒண்ணும் செய்யல்ல. நான்தான் முதல்ல அவனுக்க கையப் பிடிச்சேன். நாங்க ரெண்டுபேரும் அப்பிடித்தான் இருந்தோம். நீங்க மிதிச்சது எனக்க காலையும் சேத்துத்தான்.”

ஒருவரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று பிறகு தோன்றியது. மரியஜான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த விஷயத்தை வாசித்தார். அதன் பிறகு எந்தப் படகிலும் டிஜோவுக்கு இடமில்லை. காரணம் கேட்டால், ஆள் நிறைஞ்சுபோச்சு என்பார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு அம்மாவோடு நாகர்கோவிலுக்கு வந்தான். வடசேரி பஸ்ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகை வீடு, சந்தையில் மீன்பெட்டி இறக்கும் வேலை.

வியாகுலம்மாள் ஆள் விட்டுக் கேட்டபோது, முருகதாஸ் தன் புது நம்பரை அவளுக்குத்தான் கொடுத்தான். அவள் போட்டு, பேசி முடித்துவிட்டு, போனை மகன் கையில் திணிப்பாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். இந்த வருஷம் மழை அதிகம், வெட்டு சரியில்லை என்பான் முருகதாஸ். இங்கே சாளை மீன் நன்றாக வருகிறது என்பான் டிஜோ. அதற்கு மேல் இருவரும் போகவில்லை. நாகர்கோவிலில் வீடு எடுக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

2017 தைமாதம் கண் ஆபரேஷன் ஆன சொர்ணம்மாளை டாக்டரிடம் காட்ட முருகதாஸ் நாகர்கோவில் வந்தான். வீட்டுக்கு வா என்று வியாகுலம்மாள் கூப்பிட்டதற்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றான். டிஜோ பஸ்ஸ்டாண்டுக்குப் போனான். தாயும் மகனும் அவனுமாக மூன்று பேரும் சாயா குடித்தார்கள். சொர்ணம்மாள் கண்ணில் பச்சைத் துணி. எதிரே இருப்பவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. “இது ஆரு மோனே?” என்று மகனைக் கேட்டாள்.

முருகதாஸ் தம்ளரை பெஞ்சில் வைத்தான்.

“பண்டு எனக்க கூடப் பந்து களிச்சவன், அம்மா” என்றான்.

குலசேகரம் பஸ் வந்தது. டிஜோ சொர்ணம்மாளின் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டான். முருகதாஸ் கம்பியைப் பிடித்து, மடங்காத காலை இழுத்துக்கொண்டு, தானே ஏறினான்.