ஆறு மணி ரத்தம்

வீட்ஸ்கேவுக்குக் கோபம் வந்தால் முதலில் கழுத்துதான் சிவக்கும். ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸாக இருக்கிறாள். அந்த மார்ச் மாதம் முழுக்க அவள் கழுத்து சிவந்தே கிடந்தது. காரணம், சிக்கனக் குழு. மேல்மாடி நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து அலமாரி அலமாரியாக விலைச்சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கையுறைக்கு ஒரு விலை, பஞ்சுக்கு ஒரு விலை. நோயாளியின் வாயைத் துடைக்கப் போகிறவள் விலையைப் படித்துவிட்டுத் துடைக்க வேண்டுமாம்! வெட்கங்கெட்ட வேலை.

அவள் ஊதாரி இல்லை. மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். கால்நடை மருத்துவர் ரத்தச் சோதனைக்கு ஊசியை எடுத்தால், "எதுக்கு? பாத்துட்டு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் அவளுடைய அப்பா மாட்டின் தலையைப் பிடிப்பார். ஆஸ்பத்திரியில் அப்படிக் கேட்க ஆளில்லை. நோயாளி வந்து சேரும் அன்று கணினியில் ஒரு கட்டத்தில் குறி போடுவார்கள். அதோடு சரி, தினமும் காலை ஆறு மணிக்கு ஐந்து குழாய் ரத்தம். இன்றைக்குத் தேவையா என்று யாரும் யோசிப்பதில்லை. குறியை எடுப்பது யார் வேலை என்பதும் யாருக்கும் தெரியாது. போதாததற்கு, பிராணவாயு அளவு பார்க்க நாளைக்கு ஐந்தாறு தடவை வேறு. ஒவ்வொரு தடவையும் நோயாளியின் கையில் செருகிய குழாயில் தேங்கிய முதல் ரத்தத்தை இழுத்துக் கொட்ட வேண்டும்.

மூன்றாம் படுக்கையில் ஹில்கே கிடந்தார். எழுபத்தொரு வயது, சரக்குப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். நிமோனியா முற்றிப் பதினாலு நாளாகச் சுவாசக் கருவியில் இருந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, நுரையீரலும் தெளிந்துவிட்டது. ஆனாலும் கருவியை நிறுத்தினால் பத்தே நிமிஷத்தில் திணறினார். முகம் வெளுத்துப் போயிருந்தது. ஹீமோகுளோபின் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது.

"வயித்துக்குள்ள எங்கேயோ கசியுது" என்றார் மருத்துவர் சீப்ரன். அவரும் வீட்ஸ்கேவும் பதினைந்து வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நீ, நான் என்றுதான் பேச்சு. "இப்பவே கீழ ஸ்கேனுக்குக் கொண்டு போ. அப்புறம் குழாய் விட்டு இரைப்பையைப் பாத்துடலாம்."

"சுவாசக் கருவியோட லிஃப்டுலயா? போன மாசம் அப்படிக் கொண்டு போனவரு வழியிலேயே கண்ணைச் செருகினது மறந்து போச்சா?"

"வேற வழி? ரத்தம் எங்க போகுதுன்னு தெரிய வேண்டாமா?"

"எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும்." நிரம்பிய குழாய்களை அவர் மேஜையில் வரிசையாக அடுக்கினாள். "இங்க போகுது. நேத்து காலையில இருந்து எடுத்தது, கொட்டினது எல்லாத்தையும் அளந்து வச்சேன். அறுபது மில்லி. பதினாலு நாளுக்குப் பெருக்கிப் பாரு. முக்கால் லிட்டருக்கு மேல! ஓட்டை அவர் வயித்துல இல்ல சீப்ரன், நம்ம கிட்ட இருக்கு."

சீப்ரன் சிரித்தார். "இன்னிக்குக் காப்பி குடிக்கலையா நீ?"

"கிண்டல் எல்லாம் அப்புறம் வச்சுக்கோ. பஞ்சுக்கு விலை ஒட்டத் தெரியுது, இந்த மனுஷனோட ரத்தத்தைப் பத்திக் கேக்க ஒரு நாதியில்ல. நேத்து ஈரல் சோதனை எதுக்கு? அதுக்கு முந்தின நாள் எதுக்கு? வந்த ரிசல்டை யாராவது திறந்தாவது பாத்தீங்களா? சொல்லேன்!"

சீப்ரன் கணினியைத் திறந்தார். ஹீமோகுளோபினைத் தவிர, ஒன்பது நாள் முடிவுகளை ஒருவரும் திறந்தே பார்த்திருக்கவில்லை. மலத்தில் ரத்தமில்லை என்ற முடிவும் அதில் ஒன்று. அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஸ்கேன் நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் கடைசியில். "குறியை நான் எடுத்துடறேன். இனிமே தேவைன்னா மட்டும் எடு. அதுவும் குழந்தைங்க வார்டு சின்னக் குழாயில."

ஸ்கேனுக்கு வேலையே வரவில்லை. இரண்டு நாளில் ஹீமோகுளோபின் இறங்குவது நின்றது. பிறகு மெல்ல ஏறியது. பத்தாம் நாள் கருவியைக் கழற்றினார்கள். ஹில்கே வாயைத் திறந்ததும் கெட்ட வார்த்தை சொல்லித் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் அவர் மனைவி பௌக்யே இளஞ்சிவப்புப் பாகு பூசிய கேக்கோடு வந்து துண்டு போட்டுக்கொண்டே பேசினாள். "ஒரு நாள் விடாம ரத்தம் எடுத்துப் பாத்தீங்களே, அதனாலதாம்மா இவரு பொழைச்சாரு. தெருவுல எல்லார் கிட்டயும் சொல்லிட்டேன்."

சிரித்துவிட்டுக் கேக்கை வாங்கிக்கொண்டிருக்கலாம். வீட்ஸ்கேவுக்கு அது வராது. கழுத்து சிவந்துவிட்டது.

"இல்லம்மா. முதல் பதினாலு நாள் அப்படி எடுத்ததாலதான் இத்தனை நாள் எழுந்திரிக்க முடியாமக் கிடந்தாரு. முக்கால்வாசி தேவையே இல்லாம எடுத்தது."

பௌக்யே கத்தியைக் கீழே வைத்தாள். "பதினாலு நாளுமா?"

"பதினாலு நாளும்."

"யாரு எடுத்தா?"

சீப்ரன் பெயரும், கணினியும், மேல்மாடிக்காரர்கள் பேச்சும் அவள் நாக்கு நுனி வரை வந்தன.

"பாதி நாள் நான்தான்" என்றாள் வீட்ஸ்கே.