செல்லையாவின் ஆறு மாதம்

இன்று காலை பத்து ஐம்பதுக்கு, போடி பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஆறு பேர். முதலில் நின்ற வயதான அம்மாளின் விரலைக் கருவி ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து நான்கு முறை வைத்துப் பார்த்தார். வருடக்கணக்கில் ஏலக்காய் கிள்ளிய விரல்களில் ரேகை எங்கே மிஞ்சும்?

"ஏம்ப்பா, ஒம் மிசினு வேல செஞ்ச கையப் பாத்ததே இல்லையாக்கும்?" என்று அவர் கேட்டதும் வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. பேச்சியம்மாள். மலையோரக் கிராமமான குரங்கணியைச் சேர்ந்த செல்லையாவின் மகள். பார்த்து முப்பத்து மூன்று வருடம் ஆகிறது.

"டைப்படிக்கிற தம்பிதான? தலையெல்லாம் வெள்ளாவி வச்சாப்ல ஆயிருச்சே!" என்றார்.

உங்களுக்கு இதை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். வரிசை தப்பினால் எனக்குச் சோறு இறங்காது என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கடைத்தெருவில் கீழே ஏலக்காய் குடோன், மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். காலையில் சொல்லிக் கொடுப்பேன், பகலில் மனு தட்டுவேன். ரிப்பன் மையும் ஏலக்காயும் கலந்த வாசனை சட்டையிலேயே தங்கிவிடும். இன்றைக்கும் கல்யாண வீட்டில் பாயசம் குடித்தால் எனக்கு எழுத்துப்பிழைதான் ஞாபகம் வரும்.

எங்கள் ஊரில் பிழை இல்லாத மனிதர் என்றால் எம்.பி. ஐயா. வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு முறை சிறை, சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு முறை பார்லிமெண்ட். டெல்லியிலிருந்து வந்து இறங்கினால் வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்து மனு வாங்குவார் என்பார்கள். அவர் சிறை சென்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் பேசி நான் சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன்.

ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு ஐயா மாடியேறி வந்தார். வயது எழுபத்தாறு. படிக்குப் படி நின்று வந்தார். பின்னால் செல்லையா, மலையில் ஏலக்காய் மூட்டை சுமந்தவர். செருப்பை வாசலில் விட்டு வெளியிலேயே நின்றார். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு பேச்சியம்மாள்.

ஐயா சொல்ல ஆரம்பித்தார். "முதல் முறை என் பெயரில் ஆறு மாதம் சிறையில் இருந்தவன் நான் அல்ல. குரங்கணி செல்லையா."

என் விரல்கள் நின்றுவிட்டன. "ஐயா, வாக்கியத்துல ஏதோ பிழை இருக்கு" என்றேன்.

"வாக்கியம் சரியாத்தான் இருக்கு தம்பி. தட்டு."

போலீஸ் தேடியபோது ஐயா மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒளிந்திருக்கிறார். நனைந்த கதர்ச் சட்டையை அடுப்புப் பக்கம் காயப் போட்டிருக்கிறார். செல்லையா தன் சட்டையையும் கம்பளியையும் அவருக்குக் கொடுத்துவிட்டு, குளிருக்குக் காய்ந்திருந்த அந்தக் கதரை மாட்டிக்கொண்டு விறகு பொறுக்க வெளியே வந்திருக்கிறார். வந்தவர்களோ சமவெளிப் போலீஸ். ஐயாவின் முகம் தெரியாது.

"கதரு போட்டவந்தேன் தலைவருன்னு நெனச்சுட்டாக. பேரு கேட்டாக. அப்பு பேரச் சொன்னேன். அம்புட்டுத்தேன்" என்று ஐயாவைக் காட்டிச் சிரித்தார் செல்லையா.

ஐயா மலை தாண்டி மலையாளத்துப் பக்கம் போய் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதினாராம். ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது, சிறை மீண்டவர் என்று ஊர் மாலை போட்டது. "வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல" என்றார். அடுத்த முறை உண்மையாகவே சிறை சென்றார். ஆனால் ஓட்டுக் கேட்ட மேடைகளில் எல்லாம் இரண்டு முறை என்றுதான் சொன்னார்கள்.

தியாகிச் சான்றுக்குச் சிறை ஆவணத்தில் பெயர் இருக்க வேண்டும். செல்லையாவின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. ஐயா ஒருவர்தான் சாட்சி.

"வேணாம் அப்பு. முடிஞ்சு போன கத" என்றார் செல்லையா.

"யாருக்கு முடிஞ்சுச்சு?" என்றார் பேச்சியம்மாள். "எங்கப்பன் கம்பி எண்ணுனாரு, இவுக பார்லிமெண்டு போனாக."

ஐயா கோபப்படவில்லை. "நெசந்தான் ஆத்தா. தம்பி, வெரசா தட்டு. மனசு மாறிரப் போகுது."

தட்டினேன். மூன்று பிரதி. ஒன்று தபாலில் அரசாங்கத்துக்கு, ஒன்று ஐயாவுக்கு, ஒன்று என் கோப்புக்கு. மூன்றிலும் கையெழுத்துப் போட்டார்.

நாற்பத்தோராம் நாள் ஐயா இறந்துபோனார். போடியில் ஒரு கடை திறக்கவில்லை. இன்ஸ்டிட்யூட் சார்பில் அஞ்சலி நோட்டீஸ் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. 'இருமுறை சிறை சென்ற தியாகச் செம்மல்' என்று தட்டினேன். தட்டி முடித்ததும் கோப்பைத் திறந்து அந்தப் பிரதியை எடுத்து எட்டாகக் கிழித்தேன். என்னை யாரும் கிழிக்கச் சொல்லவில்லை. ஐயாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே பேச்சியம்மாள் வந்தார். "கவர்மெண்டு ஆபீசுல அப்பிடி ஒரு கடுதாசியே வரலைங்கிறாக தம்பி. ஐயா வீட்லயும் இல்லையாம். ஒங்ககிட்ட நகலு இருக்கும்ல?"

"நகல் வைக்கலையே அக்கா" என்றேன்.

நம்பிவிட்டார். அந்த வருட ஏலக்காய்ப் பறிப்புக்கு முன்பே செல்லையா போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதை எல்லாம் இன்று காலை அவரிடம் சொல்லும் உத்தேசம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம், "எங்கப்பன் பேர எழுத்துல ஏத்துன ஒரே புண்ணியவான் இவுகதேன்" என்றார். வெளியே டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

அவர் டீயை ஆற்றிக் குடித்துவிட்டுக் கிளாசைக் கீழே வைத்தார். பிறகு, "ஐயாவே பயப்படலையே சார். ஒங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் குரங்கணி ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அந்த வருட டைரியை எடுத்தேன். மழை பெய்த நேரம், வாங்கிய ரிப்பன் எல்லாம் இருக்கிறது. ஐயா மாடியேறி வந்த நாளுக்கு நேரே, 'மனு ஒன்று' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். தட்டிய அன்றைக்கே மறைக்கத் தொடங்கிவிட்டேன்.

இன்ஸ்டிட்யூட் போய் செல்போன் கடை வந்துவிட்டது. அந்த மாடிப்படியையும் இடித்துவிட்டார்கள். தான் சிறையில் இருந்திராத ஆறு மாதத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க, எழுபத்தாறு வயதில் அந்தப் படியேறி வந்த ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய காரியம் அதுதான். அதற்கு இப்போது ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.