தாச்சியின் விளிம்பில் ஈயம்

அக்கா சொதியைக் கிண்ணத்தோடு குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆறாம் மாதம். அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த, தாளிக்கிற சின்னத் தாச்சியை நான் அப்போதுதான் கண்டேன். அதன் விளிம்பில் மிளகளவு சாம்பல் நிறப் பொட்டு.

அந்தப் பொட்டு ஈயம். அதை உருக்கியவன் நான்.

அந்த வருடம் எனக்கு, நோர்வேயில் கடல் அபோர் என்கிற மீனைப் பிடிக்கிற பைத்தியம். ஆங்கிலக்காரர் பாஸ் என்பது அதுதான்; பார்வைக்கு எங்கள் கொடுவா மாதிரி. அதற்கு ஜிக் ஹெட் வேண்டும், அதாவது கழுத்தில் ஈயத் தலை வார்த்த தூண்டில் முள். அதில் ரப்பர் மீனைக் கோர்த்து எறிவோம். தலை பாரமென்றால் கல்லுக்குள் சிக்கும். பாரம் குறைந்தால் காற்று தூக்கிக்கொண்டு போகும். முள்ளை ரப்பர் மீனோடு வைத்துப் பார்த்து, நுனி வெளியே வரவேண்டிய இடத்தில் நகத்தால் கீறி, மூக்கின் நடுவால் நேராக ஏற்றவேண்டும். கொஞ்சம் கோணினாலும் நீந்தாது, பம்பரமாய்ச் சுழலும். பத்துக் கிராம் தலையோடு நான் விரும்பிய தடித்த முள் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அச்சு வாங்கி நானே வார்த்தேன்.

துரொண்ட்ஹெய்மில் உலோகங்களைப் பற்றித்தான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். ஆகவே எல்லாம் முறைப்படி: புருசெத்தில் அம்மாவோடு நான் இருந்த வீட்டின் பல்கனியில் மின்னடுப்பு, தடித்த கையுறை, முகமூடி. உருக்குவதற்கு, கைப்பிடி ஆடுகிறதென்று அம்மா ஒதுக்கியிருந்த தாளிக்கிற தாச்சி. முடிந்ததும் அதைப் பல்கனிப் பெட்டிக்குள் போட்டேன்.

அக்கா சொதி குடித்த அன்றைக்குத்தான் எனக்கு முதல் மீன் பட்டது. அம்மா அந்த மீனில் சொதி வைத்து, தாளித்துக் கொட்டியிருந்தார்.

"அம்மா, இந்தத் தாச்சி எங்கையிருந்து?"

"பல்கனியில கிடந்தது. நல்ல இரும்பு. கைப்பிடியை உன்ரை அத்தான் இறுக்கித் தந்தவர், நான் புளி போட்டு மினுக்கி எடுத்தனான்."

"எப்ப இருந்து இதிலை தாளிக்கிறியள்?"

"ரெண்டு கிழமை இருக்கும். ஏன்ரா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

"ரப்பர் மீனோடையே திரிஞ்சவன் எல்லோ, உண்மையான மீனைக் கண்ட அதிர்ச்சி" என்றாள் அக்கா.

நான் அவள் கையிலிருந்த கிண்ணத்தைப் பறித்தேன். சொதி மேசையெல்லாம் சிந்தியது.

"குடியாதை அக்கா!"

வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லையென்று அந்த இரண்டு கிழமையும் அக்கா லில்லெஸ்ட்ரோமில் தன் வீட்டிலிருந்து ரயிலேறி வந்து அம்மாவின் கையால்தான் சாப்பிட்டாள். ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று நான் சொல்லச் சொல்ல, அவளுடைய கை வயிற்றுக்குப் போனது. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"உனக்குக் கையுறை போட்டனி, முகமூடி போட்டனி. எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வரேல்லையே?"

இதையே பரீட்சையில் நோர்வேஜிய மொழியில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். எங்கள் குசினியில் ஒருநாளும் கதைத்ததில்லை.

அடுத்த நாள் காலை அக்காவின் வைத்தியர் இரத்தம் எடுத்தார். முடிவு வர நாலு நாள். அந்த நாலு நாளும் எங்கள் வீட்டில் ஒன்றும் தாளிக்கவில்லை. அக்கா என் தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவளே வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னாள்: "கொஞ்சம் கூடத்தானாம். பயப்பிடுற அளவில்லையாம். பிள்ளை பிறக்குமட்டும் மாசா மாசம் பாப்பினமாம்."

அம்மா கதவோரமாக அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

பிறகு நானும் அம்மாவும் கழிவு நிலையத்துக்குப் போனோம். நான் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றதை அவர் நம்பவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவைக்கூடக் கழுவி அடுக்குகிறவர், பஸ்ஸில் அந்தத் தாச்சிப் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். நச்சுக் கழிவு எடுக்கிறவரிடம் தன் கையாலேயே கொடுத்தார்.

"நீ வார்த்த தலையளும் இதுக்குள்ளையோ?"

"இல்லையம்மா. அறையில இருக்கு."

"அப்ப நாளைக்கும் வருவம்" என்றார்.