நாலும் நாலும் ரெண்டு

கொட்டாம்பட்டியில் என் கணவரின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் சத்தமில்லாமல் போனால் மாமனுக்கு மதிப்பில்லை என்பது எங்கள் பக்கத்து நியாயம். அதற்காகவே அவனியாபுரத்தில் ஒரு ஜோடி ஊஃபர் ஸ்பீக்கர் வாங்கி, காரில் ஏற்கெனவே இருந்த ஆம்ப்ளிஃபயரில் அவரே மாட்டிவிட்டார். அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி பின்சீட்டின் முதுகில், டிக்கிப் பக்கமாகத் திருகப்பட்டிருந்தது.

"நாலு ஓமுக்குக் குறையக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு. ஊஃபர் ஒன்னொன்னும் நாலு. நாலும் நாலும் எட்டு. டபுள் சேஃப்டி" என்றார்.

நான் பசுமலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். "ஒன்னுக்குப் பின்னால ஒன்னா மாட்டுனாத்தாங்க எட்டு. நீங்க பக்கவாட்டுல சேத்துக் குடுத்திருக்கீங்க. ரெண்டு வாசலத் தெறந்துவிட்டா கூட்டம் லேசாப் போயிரும்ல? தடை ரெண்டாக் கொறஞ்சிருச்சு. கரண்ட அம்புட்டு இழுத்தா பெட்டி தாங்காது."

"டீச்சரம்மா, பாடத்தப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுக்கலாம், கட்டினவருக்கு மட்டும் எடுக்க முடியாது. எரிச்சலோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

மேலூர் தாண்டியதும் பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்தது. மறுபடி நின்றது. "லூஸ் காண்டாக்ட்" என்று சொல்லி, வந்ததும் சத்தத்தை இன்னும் கூட்டினார். பெட்டி சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது என்று எனக்குத் தெரியும். பின்சீட்டில் எங்கள் மகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பாட்ட நிறுத்துங்க."

"கொட்டாம்பட்டி வரப்போகுது. தெருமுனையில அம்புட்டு சனமும் நிக்கும். மானத்த வாங்காத."

மகள் சிணுங்கினாள். "அப்பா, முதுகு சுடுது."

டிக்கியில் என்ன வைத்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீருக்கு வாங்கிய சரவெடி, பை நிறைய.

நான் போட்ட கூச்சலில் வண்டி தடுமாறி ஓரத்தில் நின்றது. மகளை இழுத்துக்கொண்டு தூரமாக ஓடினேன். அவர் டிக்கியைத் திறந்ததும் கருகல் வாடை எனக்கே வந்தது. பிளாஸ்டிக் பை இளகிப் பெட்டியோடு ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்தெடுத்துக்கொண்டு தரிசுக்குள் ஓடினார். வெறுங்கையோடு அவர் திரும்பி வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. வந்தவர் பெட்டியின் ஒயர்களைப் பிடுங்கிப் போட்டார்.

அரவமே இல்லாமல் போய் இறங்கினோம். நாத்தனார் முகம் வாடிப்போய் ஓடி வந்தாள்.

"ஏண்ணே, பாட்டு, வெடி ஒன்னுமில்லாம வாரீங்க? எங்க மேல எதும் கோவமா?"

"கோவமெல்லாம் இல்லத்தா." மகளைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். "பிள்ளையப் பத்திரமாக் கொண்டாந்துட்டேன்ல, அது போதும்."

கொண்டுவந்தது யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கொடுத்த பிறகும் அவர் கை பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. சீர்த்தட்டை எடுத்து அந்தக் கையில் வைத்து, நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.