நான் தாண்டிப்போன எல்லை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

சங்கரன்கோவிலில் ஒரு வீடு வாங்க அப்பாவுக்கு ஆசை. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் எங்கள் புஞ்சை, கடன் தந்தவரே பயிரிட்டுக்கொள்ளும்படி ஏற்கெனவே ஒத்தியில் இருந்தது. அதை மீட்டு, கூடுதல் தொகைக்குப் புளியங்குடி வியாபாரி ஒருவரிடம் மறுபடி ஒத்தி வைத்தால், மிச்சப் பணம் வீட்டுக்கு ஆகும் என்று முடிவானது. கிழக்கே இருக்கும் கிணறும் மிளகாய்த் தோட்டமும் ஒத்தியில் சேராது என்று பேச்சு.

பதிவு ஆபீசில் பத்திரத்தை, நாலு பேர் பார்க்க, நான் கடகடவென்று வாசித்தேன். நிலத்தின் எல்லைகள் வந்ததும் தாண்டிவிட்டேன்.

"எல்கையையும் வாசி தாயி" என்றார் அப்பா.

"நம்ம நெலம் நமக்குத் தெரியாதாப்பா? எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். அவர் கைநாட்டு வைத்தார்.

பத்தே நாளில் வியாபாரியின் ஆள் எங்கள் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கக் கமலை பூட்டினான். அப்பா பதறி ஓடினார்.

"கெழக்கெல்கை வண்டிப்பாதைன்னுல்லா எழுதியிருக்கு. கெணறும் தோட்டமும் பாதைக்கு இங்கிட்டுதான வே கெடக்கு? வாசிச்சது ஒம்ம மக, அவகிட்டப் போயிக் கேளும்" என்றான்.

அப்பா என்னைக் கேட்கவே இல்லை. கெடு முடிய ஐந்து வருஷம் ஆகும்; அதுவரை மீட்க முடியாது. காய்த்து நின்ற மிளகாயும் போயிற்று. வீட்டுக்கு வைத்த பணத்தில்தான் இப்போது அடுப்பெரிகிறது.

இன்று யார் பத்திரம் கொண்டுவந்தாலும் எல்லையைத்தான் முதலில் வாசிக்கிறேன். ஒவ்வொரு திசைக்கும் நிலத்துக்காரர் 'ஆமா' சொன்ன பிறகே அடுத்த வரி. அப்பா மட்டும் எந்தக் காகிதத்தையும் என்னிடம் நீட்டுவதில்லை.