தோளில் மிச்சமிருந்த விரல்கள்

சரவணம்பட்டியில் நான் படித்த பள்ளியின் ஆண்டு மலருக்கு எங்கள் வகுப்பு டீச்சர்தான் பொறுப்பு. ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்கும்முன் கஞ்சி போட்ட புடவையின் முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். தேனொழுகப் பேசியே கழுத்தை அறுப்பார்.

பத்தாவதில் தேறமாட்டாள் என்று பொதுத்தேர்வுக்கு முன்பே என் தோழிக்கு டிசி கொடுத்துவிட்டார்கள். ரிசல்ட்டுக்குப் பின் நாங்கள் மலர் தயாரித்தபோது, வகுப்பு போட்டோவிலிருந்தும் அவளை அழிக்கச் சொன்னார் டீச்சர்.

"அவளும் எங்ககூடப் படிச்சவதானுங்க மிஸ்!" என்றேன்.

"மேல நூறு பர்சன்ட் ரிசல்ட்னு போடறோம். கீழ அவ எதுக்குங் கண்ணு?"

புரூஃப் வந்தது. அவள் நின்ற இடத்தில் வெறும் சுவர். என் தோளில் மட்டும் அவளுடைய நான்கு விரல்கள் இருந்தன.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "அச்சுக்கு அனுப்பிரலாங் கண்ணு" என்றார். அந்த விரல்கள் அவர் கண்ணில் எப்படிப் படாமல் போயினவோ!

நான் வாயே திறக்கவில்லை.